படி தாண்டி வர: மாற்றுத்திறனாளி உரிமைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்கட்கிழமை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே வேப்பமரத்தடியில் பதினெட்டு ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலை எடுத்துக்கொண்டது. காலைத் தாங்கும் காலிபரும் ஊன்றுகோலும் அதற்குப் பிறகு வந்த சொந்தங்கள். மனு எழுத வந்தவர்கள் கேட்டவை, அவர்களைக் கூட்டிவந்த மாமாவும் மதினியும் கேட்டவை, கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் கேட்டவை எல்லாம் இங்கே கலந்து கிடக்கின்றன.

'ஊனமுற்றவர்' என்பதா, 'மாற்றுத்திறனாளி' என்பதா? எது சரி?

2010-இல் தமிழ்நாடு அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி'க்கு வந்தது. துறையின் பெயர்ப் பலகையும் மாறியது. எங்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து கிடையாது. "எனக்கு மாற்றுத்திறன் என்று தனியாக எதுவும் இல்லை. கண் தெரியாது, அவ்வளவுதான். பார்வையற்றவன் என்றே எழுது" என்று ஒரு நண்பர் என் பேனாவைத் தடுத்திருக்கிறார். அவருக்கு அப்படியே எழுதினேன். மற்றபடி எழுத்தில் 'மாற்றுத்திறனாளி' போதும்.

பேச்சில்தான் சிக்கல். உறுப்பின் குறையையே பெயராக வைத்து அழைப்பது நம் ஊர்களில் பழகிப்போன வழக்கம். எங்கள் தெருவில் எனக்கு நாற்பது வருடம் இருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன். மளிகைக் கடைக்காரரின் கடன் நோட்டிலும் அந்தப் பெயர்தான். ஒருநாள் பாக்கியைத் தீர்த்துவிட்டு, "அண்ணாச்சி, அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்" என்றேன். ஒரு நிமிடம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார், ஒரு எழுத்துப் பிழையோடு. அவர் நல்ல மனிதர்தான். அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

சட்டப்படி யாரெல்லாம் மாற்றுத்திறனாளிகள்?

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தன. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. ஆட்டிசம், தசைச்சிதைவு நோய், அமிலவீச்சில் பாதிக்கப்பட்டோர், ரத்தம் உறையாமை, பார்க்கின்சன் நோய், கற்றல் குறைபாடு ஆகியவை புதிதாகச் சேர்ந்தவற்றில் சில. அரசு வேலையில் 4 விழுக்காடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு. இரண்டுக்கும் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

எனக்கு 35 விழுக்காடு என்று எழுதிவிட்டார்கள். இனி எந்த உரிமையும் இல்லையா?

இடஒதுக்கீடு இல்லை. உரிமை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அலுவலகங்களின் வாடிக்கை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தனக்கு எழுத உதவியாளர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 40 விழுக்காட்டுக் கணக்கு அவருக்கு எட்டவில்லை. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒருவருடைய தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்து தருவதற்கு 40 விழுக்காட்டைக் குறுக்கே வைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். விகாஷ் குமார் வழக்கு என்று பெயர். மனுவில் அந்தப் பெயரை எழுதுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அடையாள அட்டை எடுப்பது எப்படி?

இப்போது நாடு முழுவதற்கும் ஒரே அட்டைதான், யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ மருத்துவரிடம் காட்டி, விழுக்காடு எழுதி வாங்க வேண்டும். 40-க்குக் கீழே வெள்ளை நிறப் பட்டை, 80-க்குக் கீழே மஞ்சள், அதற்கு மேல் நீலம். ஆதார், புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அன்று நிற்கவே இடம் இருக்காது.

ஒரு முகாமில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காது கேளாதோருக்கான வரிசை. ஊழியர் ஒருவர் கதவருகே நின்று ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை. "கூப்பிட்டால் வருவதில்லை, பிறகு நம்மைக் குறை சொல்வார்கள்" என்று அலுத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். முதல் ஆள் மூன்றடி தூரத்தில், தன் டோக்கனை இரு கையாலும் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருவர் பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் எண்களைப் பெரிதாக எழுதிக் காட்டினார். அரைமணி நேரத்தில் வரிசை காலி. நியாயமான ஏற்பாடு என்று சட்டம் சொல்வது அந்தக் காலண்டர் அட்டையைத்தான்.

மாதாந்தர உதவித்தொகை எவ்வளவு?

பத்தில் எட்டுப் பேரின் முதல் கேள்வி இது. 2023 ஜனவரியில் வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், கடும் பாதிப்புள்ளோர், அறிவுசார் குறைபாடுள்ளோர் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்புத் தொகை 2,000 ஆகவும் உயர்ந்தன. ஒருவர் இரண்டையும் வாங்க முடியாது. இன்றைய தொகையை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புரோக்கர்களிடம் கேட்காதீர்கள்.

ரேஷன் வீட்டுக்கே வருகிறது, ஓட்டும் வீட்டிலிருந்தே போடலாம். பிறகு எதற்குச் சாய்தளம், அது இது என்று போராட்டம்?

இதைக் கேட்டவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. 70 வயது கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வரும் என்றார்கள். வந்தது. படுக்கையில் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண், முப்பது வயது, சக்கர நாற்காலியில் இருப்பவர். மாதம் ஒருமுறை ரேஷன் கடைக்குப் போவார். கடைக்கு மூன்று படி. படிக்குக் கீழே நின்றபடியே பையை மேலே கொடுத்து வாங்கிக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் யார் வீட்டில் பெண் பார்த்தார்கள், எந்தக் கம்பெனியில் தையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றெல்லாம் அவர் காதுக்கு வரும். ரேஷன் வீட்டுக்கு வந்த மாதத்திலிருந்து அந்த ஒரு மணி நேரம் போயிற்று. "இனி உங்களுக்குச் சிரமம் இல்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று படியும் அப்படியே இருக்கிறது. இனி அதை யாரும் இடிக்கப் போவதும் இல்லை. அதுதான் வீட்டுக்கே வருகிறதே!

ஓட்டும் அப்படித்தான். 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ளவர் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம். அது அவருடைய தேர்வு. "நீங்கள் எதற்கு அலைய வேண்டும், வீட்டிலேயே போட்டுவிடுங்களேன்" என்று வாக்குச்சாவடிக்குச் சாய்தளம் கட்டாமல் விட்டவரே சொல்லும்போது அது வேறு கதை. நான் போய் வரிசையில் நின்றுதான் போடுவேன். வாக்குப் பதிவு இயந்திரத்தில் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்து இருக்கிறது. பார்வையற்றவர் 18 வயதான துணை ஒருவரை அழைத்துப் போகவும் விதி இருக்கிறது.

சென்னை மெரினாவைப் பாருங்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அலையில் கால் நனைக்கலாம், திருவிழா மாதிரி. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளத்தில் நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து கடலோர முனையைப் பெயர்த்துவிட்டது. அப்போதும் சிலர் சொன்னார்கள்: "பார்த்தீர்களா, பணம் தண்ணீரில் போயிற்று." புயலில் சாலையும் போகிறது, மின்கம்பமும் போகிறது, அவற்றை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். இப்போது அந்தப் பாதையில் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும், கைத்தடி ஊன்றிய தாத்தாக்களும் போகிறார்கள்.

சாய்தளம் எப்படி இருக்க வேண்டும்?

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இதைக் கொத்தனாரிடம் சொன்னால் போதும். மூன்றடி உயர வாசல் என்றால் முப்பத்தாறு அடி ஓட வேண்டும். இடையில் மூச்சு வாங்க ஒரு சமதளம், இருபுறமும் கைப்பிடி, வழுக்காத தரை. கிரானைட் வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலான கல்யாண மண்டபங்களில் இருப்பது பைக் ஏற்றுவதற்கான சரிவு, அதுவும் ஜெனரேட்டருக்குப் பின்னால். ஒரு மண்டபத்துக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். வாசலில் ஏழு படி. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் நான்கு பேர் பாசமாக ஓடிவந்து, கேட்காமலே நாற்காலியோடு தூக்கினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் நண்பர் சொன்னார்: "தம்பிகளா, நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிற நாள் எனக்கும் வரும். அதுவரை ஒரு பலகையாவது போடுங்கள்." பையன்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். பந்தி மாடியில் இருந்தது. நாங்கள் சாப்பிடாமல் வந்தோம்.

தனியார் கட்டடத்தில் நாம் எப்படிக் கேட்க முடியும்? உரிமையாளர் இஷ்டம் அல்லவா?

மக்கள் வந்து போகும் கட்டடம் என்றால் இஷ்டம் இல்லை. புதிய கட்டடம் விதிப்படி இல்லாவிட்டால் அனுமதியோ நிறைவுச் சான்றோ தரக் கூடாது என்கிறது சட்டத்தின் 44-ஆம் பிரிவு. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்தாண்டு கெடு கொடுத்தது அடுத்த பிரிவு. விதிகள் வந்த 2017-இலிருந்து எண்ணுங்கள். கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

ஓட்டை ஒன்று இருந்தது. 2017 விதிகளில் இருந்தவை கட்டாயம் போலத் தெரிந்தாலும் உள்ளே போய்ப் பார்த்தால் வெறும் பரிந்துரைகள்தான். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 15-ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. ரதூரி பார்வையற்றவர்; வழக்கைத் தொடுத்தது 2005-இல். எங்கள் வேகம் இப்படித்தான் இருக்கிறது.

பஸ்ஸில் இலவசம்தானே?

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் இலவசம்; உடன் வரும் ஒருவருக்கும் உண்டு. ஆனால் ஏற முடிந்தால்தானே இலவசம்! வழக்குகளும் வாதாட்டமுமாகப் பல வருடம் போன பிறகு 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்து மண்டியிடும். பார்க்கவே அழகு. நடைமேடையை ஒட்டி நிறுத்தினால்தான் சக்கர நாற்காலி ஏறும் பலகை சரியாக உட்காரும். அங்கே ஓர் ஆட்டோவோ பூக்கடையோ நின்றால் எல்லாம் வீண். மற்ற ஊர்க்காரர்களில் பலர் இன்னும் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறோம்.

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள். "சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்கிறார்கள்.

அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காட்டி மறுக்கக் கூடாது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. எது என்பது உங்கள் விருப்பம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பள்ளிகள் அந்த இடத்திலேயே இறங்கிவரும். சேர்த்த பிறகு "அம்மா வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை வரும். அப்படி மூன்று வருடம் வராந்தாவில் உட்கார்ந்தே பூக்கட்டிப் பிழைத்த தாய் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை.

முற்பிறவிப் பாவம் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒரு பேச்சாளர் மாணவிகள் முன்னால் இதையேதான் பேசினார். அங்கிருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, இந்தப் பேச்சைப் பள்ளியில் எப்படி அனுமதிக்கலாம் என்று நேருக்கு நேர் கேட்டார். காணொளி பரவியது. பேச்சாளர் கைதானார், அவர் மீது போட்ட பிரிவுகளில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92-ஆவது பிரிவும் இருந்தது. பொது இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது அது. எனக்குப் போலியோ வந்ததற்குக் காரணம் எங்கள் கிராமத்துக்கு அந்த வருடம் சொட்டு மருந்து வரவில்லை. பாவக் கணக்கை அங்கிருந்து தொடங்கலாம்.

மனநோய் உள்ளவர்களும் இதில் வருவார்களா?

வருவார்கள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நேரடியாகவே சொல்கிறது. வீட்டுக்குள் கட்டி வைத்திருப்பதை இன்றும் பார்க்கிறேன். பெரும்பாலும் கொடுமைக்காரர்கள் அல்லர்; பகலில் கூலிக்குப் போக வேண்டிய தாய், தகப்பன். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதைக் கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் அவர்களுக்கு நான் செய்யும் முதல் காரியம்.

மகனுக்கு 18 வயது ஆகிவிட்டது, அறிவுசார் குறைபாடு. வங்கியில் என் கையெழுத்து செல்லாது என்கிறார்கள்.

18 ஆனதும் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். 17 வயதிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். மகனிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள், அவருக்குப் புரிகிற அளவுக்கு.

உள்ளாட்சியில் எங்களுக்கு இடம் தருவதாகச் சொன்னார்களே?

2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் இரண்டு சட்டத்திருத்தங்கள் வந்தன. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளியை உறுப்பினராக நியமிக்க வழி பிறந்தது. நியமனம் தேர்தல் ஆகாது. யாரை நியமிக்கிறார்கள் என்பதில் கட்சிக்காரர்களின் கண் இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் எனக்குச் சந்தோஷம். தெருக்குழாயை எந்த உயரத்தில் வைப்பது என்று பேசும் அறையில் குனிய முடியாத ஒருவர் இருப்பார்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆண்டுக்கு ஆறு கிராம சபை. போய் உட்காருங்கள். மாடியில் கூட்டம் போட்டால் கீழே இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புகார் யாரிடம் கொடுப்பது?

முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுத்தில். பிறகு திங்கட்கிழமை ஆட்சியரிடம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அதற்கும் மேல், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று அந்தத் துறை பதில் சொல்ல வேண்டும். பரிந்துரைதான், ஆணை அல்ல என்பது பலவீனம். வக்கீல் தேவை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு கேட்க மாட்டார்கள்.

தனியாகப் போவதை விடச் சங்கமாகப் போங்கள். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் பல மாவட்டங்களில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வில் 1975-இல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தன் சொந்த ஊரில் தொடங்கியது அது.

உதவ நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

கேளுங்கள். "உதவட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக இரண்டு நொடி பொறுங்கள். சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பிக்காதீர்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். என்னிடம் பேச வேண்டியதை என் மனைவியிடம் பேசாதீர்கள். "இவர் காபி குடிப்பாரா?" என்று அவளிடம் கேட்டவர்கள் உண்டு. குடிப்பேன், சர்க்கரை குறைவாக.

கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போது "அவரால் எப்படி வர முடியும், பாவம்" என்று அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் கையில் கொடுங்கள். வருவதா வேண்டாமா என்பதை நாங்கள் சொல்கிறோம். மண்டபத்துக்கு எத்தனை படி, பந்தி மேலேயா கீழேயா, இந்த இரண்டை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.